குளிர்காலம் வந்தால் மனசும் முடங்குதா?

"தம்பி, முழங்கால் வலிக்கு நல்ல தைலமா ஒண்ணு குடுங்க" என்று கேட்டுக்கொண்டுதான் அந்த அக்கா என் வைத்தியசாலைக்கு வந்தார். ஆடி மாதம். எங்கள் ஆத்தூரில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிற நேரம்.

வயது 63. கணவர் இல்லை. ஒரே மகள் கனடாவில், டொரண்டோ நகரில் இருக்கிறார். நாடி பார்த்தேன். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். தைலத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்காக்கா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல தம்பி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மகளுக்குப் பேறுகாலம் பார்க்க கனடா போனேன்ல? ஐப்பசியில போனவ சித்திரையிலதான் திரும்பி வந்தேன். அங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. மருமகன் தங்கமான பிள்ளை. பேத்தி பொறந்து வீடே சந்தோஷமா இருக்கு. எனக்கு மட்டும் எதுவுமே பிடிக்கல. காலைல எந்திரிக்க முடியல. எந்நேரமும் தூக்கம். இனிப்பா எதையாவது தின்னுக்கிட்டே இருக்கணும்போல இருக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிரும். இருட்டினதும் காரணமே இல்லாம அழுகையா வரும். பிள்ளைக்குத் தெரியக்கூடாதுன்னு பாத்ரூம்ல போய் அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வருவேன்."

"அப்புறம்?"

"பங்குனியில பனியெல்லாம் உருகி, வெயில் வந்துச்சு. தன்னால சரியாப் போச்சு. இப்ப என்னன்னா, மக மறுபடியும் உண்டாகியிருக்கா. கார்த்திகையில நாள் சொல்லியிருக்காங்க. போகாம இருக்க முடியுமா? போனா திரும்ப அப்படி ஆயிருமோன்னு பயமா இருக்கு. வெளிய சொன்னா பைத்தியம்னு சொல்லிருவாங்க தம்பி!"

ஆக, அக்கா வந்தது முழங்காலுக்காக அல்ல. மகளுக்குத் துணையாகப் போவதா, பயந்து ஊரிலேயே இருந்துவிடுவதா என்பதுதான் அவருடைய உண்மையான வலி. பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லி அவரே அனுமதி கொடுத்ததால்தான் இதை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் மகன், மகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் இன்று தெருவுக்கு நாலு இருக்கிறது. அதோடு, இந்தக் குளிர்கால முடக்கம் கனடாவுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. நம்ம ஊரிலேயே இருக்கிறது!

இது பைத்தியம் இல்லை

நார்மன் ரோசென்தால் என்று ஒரு மனநல மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் நல்ல வெயிலில் வளர்ந்தவர். அமெரிக்காவில் குடியேறிய பிறகு, குளிர்காலம் வந்தால் தன்னுடைய சுறுசுறுப்பு குறைவதைத் தானே கவனித்தார். 1984-ம் ஆண்டு அவரும் கூட வேலை பார்த்த ஆராய்ச்சியாளர்களும் இதை 'பருவகால மனச்சோர்வு' என்று விவரித்து எழுதினார்கள். வழக்கத்தை விடக் கூடுதல் தூக்கம், மாவுப் பண்டங்கள் மேலும் இனிப்பு மேலும் அடங்காத ஆசை, எடை கூடுதல், எதிலும் பிடிப்பில்லாமை, ஆட்களை விட்டு ஒதுங்குதல் இவையெல்லாம் குளிர்காலத்தில் வந்து, வெயில் காலத்தில் விலகும். அக்கா சொன்னதை அப்படியே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது, இல்லையா?

இதை அவரிடம் சொன்னதும், "அப்ப எனக்கு மட்டும் வர்றது இல்லையா தம்பி?" என்று கேட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

பொழுது சுருங்கினால் என்ன ஆகும்?

நம்ம பக்கம் மார்கழியில் பகல் குறையும் என்று சொல்கிறோம். எவ்வளவு குறைகிறது? ஆத்தூரில் வருஷத்திலேயே குட்டையான பகல் சுமார் 11½ மணி நேரம். நீளமான பகல் 12¾ மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை.

டொரண்டோவில்? ஜூன் மாதம் 15 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம். டிசம்பர் கடைசியில் 9 மணி நேரம்கூட முழுசாகக் கிடையாது. நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் அந்தச் சமயத்தில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். இன்னும் வடக்கே டிராம்சோ என்ற ஊரில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடியும் எட்டிப் பார்க்கும்! நார்வேயின் அந்த வட கோடியில்கூட, 1980-களில் இலங்கையிலிருந்து போன நம் தமிழர்கள் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

வெளிச்சத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

நம் மூளையின் அடியில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அரிசி மணி அளவுதான். கண் வழியாக உள்ளே போகும் வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது. காலையில் நல்ல வெளிச்சம் கண்ணில் பட்டால் 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று உடம்பு முழுவதற்கும் தகவல் போகும். இருட்டினால் மெலடோனின் என்ற தூக்கச் சுரப்பு ஊறும். காலை வெளிச்சம் சரியாகக் கிடைக்காவிட்டால் இந்தக் கடிகாரம் பின்தங்கிப் போகும். எட்டு மணிக்கு எழுந்தாலும் உடம்புக்கு அது நடுராத்திரி மாதிரி இருக்கும். தூக்கம் குழம்பினால் பசியும் குழம்பும், மனசும் குழம்பும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள். உச்சி வெயிலில் வெளிச்சத்தின் அளவு 1 லட்சம் லக்ஸ் வரை போகும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். ட்யூப் லைட் போட்ட அறைக்குள்? 100 முதல் 300 லக்ஸ்தான். நம் கண் தானாகவே சரிக்கட்டிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. 'வீட்டுக்குள்ள லைட்டு நல்லாத்தானே எரியுது' என்று நினைத்துக்கொள்கிறோம். மழை மேகம் கவிந்த திண்ணைகூட லைட் போட்ட ஹாலை விட எத்தனையோ மடங்கு வெளிச்சம்!

இங்கே சூரியன் இருக்கிறது, நாம்தான் இல்லை

சித்த மருத்துவத்தில் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறோம். அதில் ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. உடம்பு கனத்துப் போவது, சோம்பல், மந்தம், அதிகத் தூக்கம் இவையெல்லாம் கபம் மிகுந்ததன் குணங்கள் என்று பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் சொன்னார்கள். குளிர் காலத்தில் இவை தலைகாட்டினால், அசைவு கொடு, சூடு கொடு, பகல் தூக்கத்தை விலக்கு என்பதுதான் சிகிச்சையின் தொடக்கம்.

எங்கள் ஊரில் பார்க்கிறேன். பன்றிமலைப் பக்கம் மேகம் இறங்கினால் போதும், காமராசர் சாகர் அணைப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று ஊருக்குள் வந்துவிடும். உடனே வீட்டில் இருக்கிற பெரியவர்கள் கதவைச் சாத்தி, ஸ்வெட்டர் போட்டு, காதைக் கட்டி, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மந்தையில் ஆள் இல்லை. சாயங்காலப் பேச்சு இல்லை. "வெளிய போகாதீங்க, சளி பிடிக்கும்" என்று பிள்ளைகளும் அன்பாகச் சொல்லித் தடுத்துவிடுகிறார்கள். மழை விட்டு வெயில் வந்த பிறகும் உட்கார்ந்த இடம் பழகிப் போகிறது. ஐப்பசியில் உட்கார்ந்தவர் மாசியிலும் அதே நாற்காலியில்தான்!

டொரண்டோவில் சூரியன் ஒளிந்துகொள்கிறது. ஆத்தூரில் நாம் ஒளிந்துகொள்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மூன்று பொருள் காணாமல் போகிறது. ஒன்று வெளிச்சம். இரண்டு, கை காலுக்கு வேலை. மூன்று, பேச்சுத் துணை. இந்த மூன்றும் சேர்ந்து போனால் எப்பேர்ப்பட்ட மனசும் சோர்ந்துவிடும். பழியைக் குளிர் மேல் போட்டுவிடுகிறோம்.

எல்லாமே குளிர் இல்லை!

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை அவருடைய மருமகள் அழைத்து வந்தார். "மாமா ரெண்டு மாசமா யார்கிட்டயும் பேசுறதே இல்லைங்கய்யா. குளிருது குளிருதுன்னு போர்வைக்குள்ளயே இருக்காரு. அத்தை போன துக்கமா, இல்ல வயசுதானான்னு தெரியல."

பேச்சு மெதுவாக வந்தது. முகம் ஊதினாற்போல இருந்தது. தோல் வறண்டிருந்தது. மலச்சிக்கல் வேறு. எனக்குச் சந்தேகம். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். தைராய்டு சுரப்பு மிகக் குறைவாக இருந்தது. அலோபதி டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு, மாதங்கள் போகப் போக மனிதர் தெளிந்து வந்தார். நான் லேகியம் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மற்றவர்களை விடக் குளிர் தாங்க முடியாமல் போவதே தைராய்டு குறைவின் ஓர் அறிகுறி. ரத்தசோகை, சர்க்கரை நோய், வேறு நோய்க்காகச் சாப்பிடும் சில மாத்திரைகள் இவற்றாலும் சோர்வு வரும். அதனால்தான் கனடா போகும் முன்னால் அக்காவையும் திண்டுக்கல் போய் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் டி எல்லாம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். வைட்டமின் டி மட்டும் குறைவாக இருந்தது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். டொரண்டோ போன்ற ஊர்களில் குளிர்கால வெயில் சாய்ந்து விழுவதால், தோலில் வைட்டமின் டி உண்டாக அது போதாது. நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். ஆகவே அங்கே போகிறவர்கள் அளவு கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

பெரியவர்கள் மாதத்தை எப்படி நிரப்பினார்கள்?

என் அம்மாவுக்கு ஐப்பசி முதல் தை வரை உட்கார நேரமே இருந்ததில்லை. கார்த்திகைக்கு அகல் விளக்கைக் கழுவிக் காய வைப்பார். பஞ்சை எடுத்துத் திரி திரிப்பார். மார்கழி பிறந்தால் விடியும் முன்னே வாசல் தெளித்து, குனிந்து நிமிர்ந்து கோலம், சாணி உருண்டையில் பூசணிப் பூ. தெருவே வாசலில் நிற்கும். 'உங்க கோலத்துக்கு எத்தனை புள்ளி?' என்று ஆரம்பிக்கிற பேச்சு வீட்டு நல்லது கெட்டது வரை போகும். தைப் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பு. அப்புறம் மொச்சை உரிக்க, பனங்கிழங்கு அவிக்க, புளி உடைத்துக் கொட்டை எடுக்க. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் திண்டுக்கல் சாலையெல்லாம் நிரம்பி வழியும். நடக்க முடியாதவர்கள் நடப்பவர்களுக்கு மோர் கொடுப்பார்கள், கால் கழுவத் தண்ணீர் வைப்பார்கள்.

ஒவ்வொன்றிலும் வெளிச்சம், கை வேலை, ஆள் துணை மூன்றும் இருக்கிறதா, பாருங்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் மனச்சோர்வே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தது. பேசாமல் மூலையில் உட்கார்ந்தே காலம் கழித்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சும்மா முடங்குவதற்கு வாய்ப்புக் குறைவு.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். மார்கழி அதிகாலையில் ஓசோன் காற்று கீழே இறங்குகிறது, அதை மூச்சில் இழுத்தால் ஆரோக்கியம் என்று பலர் சொல்வார்கள். ஓசோன் படலம் நம் தலைக்கு மேலே 15 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அது வாசலுக்கு இறங்கி வராது. வந்தாலும் நுரையீரலுக்குக் கெடுதலே! மார்கழிக் கோலத்தின் பலன் ஓசோனில் இல்லை. நேரத்தோடு எழுவதில், உடம்பு வளைவதில், விடியும் வெளிச்சம் கண்ணில் படுவதில், எதிர் வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேசுவதில் இருக்கிறது.

'மனசு வரட்டும், செய்யலாம்' என்று காத்திருக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: மனசு வந்து வேலை செய்வதில்லை, வேலை செய்தால் மனசு வரும்.

சோர்ந்த மனசு ஒரு தந்திரம் செய்யும். 'இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம்' என்று சொல்லும். நாளைக்கும் அதையே சொல்லும். முடங்க முடங்கச் சோர்வு கூடும், சோர்வு கூடக் கூட முடக்கம் கூடும். இந்தச் சக்கரத்தை மனசிலிருந்து நிறுத்துவது கஷ்டம். காலிலிருந்து நிறுத்துவது சுலபம். செருப்பை மாட்டி வாசல் வரை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மனநல மருத்துவர்களும் இன்று மனச்சோர்வுக்கு இப்படித்தான் சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்ய வைக்கிறார்கள்.

அக்காவுக்கு ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

* தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் காலை நேரத்தை மாற்றக்கூடாது.

* எழுந்த கொஞ்ச நேரத்தில் வெளிச்சத்துக்கு வாருங்கள். நம்ம ஊரில் வெயில் ஏறியதும் அரை மணி நேரம் வாசலிலோ மாடியிலோ இருந்தால் போதும். சூரியனை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. ஆஸ்துமா, இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பனி மூட்டத்தில் நடக்க வேண்டாம். ஏழு, ஏழரைக்கு மேல் கிளம்புங்கள்.

* வெளிநாட்டில் இருப்பவர்கள் தெற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போடுங்கள். குளிர்காலத்தில் அங்கே சூரியன் தெற்கேதான் சுற்றும். வழுக்காத பூட்ஸும் கனத்த கோட்டும் வாங்கித் தரச் சொல்லுங்கள். மதிய நேரம் 20 நிமிஷமாவது வெளியே போய் வாருங்கள். தரையில் ஐஸ் கட்டியிருந்தால் மட்டும் வேண்டாம்.

* 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டியும் கிடைக்கிறது. காலையில் சுமார் 30 நிமிஷம் அதன் முன்னால் உட்கார்ந்து படிக்கலாம், காய் நறுக்கலாம். கண்ணில் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும், மனநிலை ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

* பகல் தூக்கம் வேண்டாம். முடியவே இல்லை என்றால் 20 நிமிஷம், அதுவும் மூன்று மணிக்கு முன்.

* கைக்கு ஒரு வேலை. முடிந்ததும் கண்ணால் பார்க்கக்கூடிய வேலையாக இருக்கட்டும். தொட்டியில் கீரை விதைக்கலாம். தென்னை ஓலை கிழித்து விளக்குமாறு கட்டலாம். திரி திரிக்கலாம், பழைய துணியில் பை தைக்கலாம். டி.வி. பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது!

* ஒரு நாளைக்கு வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரோடு பேச வேண்டும். பால் வாங்கப் போவதும் பேச்சுதான். பேரப் பிள்ளையோடு தாயம், பல்லாங்குழி ஆடினால் அது கூடுதல் லாபம்.

அடுப்படியிலிருந்து கொஞ்சம்

வைத்தியர் மருந்தே சொல்லவில்லையே என்று நினைக்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால் இவை உடம்பின் மந்தத்தையும் சளியையும் குறைத்து, நடமாட வைப்பதற்குத்தான். மனச்சோர்வுக்கு நேர் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொத்தமல்லி விதை 2 பங்கு, சுக்கு 1 பங்கு, மிளகு கொஞ்சம் வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போட்டுக் கொதிக்க வைத்து, துளி கருப்பட்டி சேர்த்துக் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டியை விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு நாள் தூதுவளைத் துவையல், ஒரு நாள் கொள்ளு ரசம். மொச்சையும் அவரையும் மலிவாகக் கிடைக்கிற காலம், சேர்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் இனிப்புத் தின்ன மனசு அலைந்தால் வேகவைத்த பயறோ வேர்க்கடலையோ கையில் எடுங்கள்.

எண்ணெய்க் குளியலைக் குளிருக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் தேய்த்து, வெயில் வந்த பிறகு வெந்நீரில் குளியுங்கள். காய்ச்சல், சளி இருக்கும் நாளில் கூடாது. குளித்த அன்று பகல் தூக்கம் அறவே கூடாது.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாற வேண்டாம். மனச்சோர்வுக்கு என்று யாராவது மூலிகை மாத்திரை கொடுத்தால், உங்கள் டாக்டரிடம் காட்டாமல் சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனசு இருண்டே இருந்தாலும், முன்பு பிடித்தது எதுவுமே பிடிக்காமல் போனாலும், சாப்பாடும் தூக்கமும் கெட்டாலும் தள்ளிப் போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 'நான் இருந்து என்ன ஆகப்போகுது', 'எல்லாருக்கும் பாரமா இருக்கேன்' என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், அதை வயசான புலம்பல் என்று ஒதுக்காதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் சேவையை 104 என்ற எண்ணிலும் தமிழிலேயே பேசிக் கேட்கலாம். கனடாவில் இருப்பவர்களுக்கு 2023 நவம்பர் முதல் 988 என்ற எண் இருக்கிறது.

அக்கா போனாரா?

போனார்! ஆனால் இந்தத் தடவை பெட்டியில் ஊறுகாயும் பொடியும் மட்டும் போகவில்லை. பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. சின்ன வயசில் அக்கா சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். துணியைக் கிள்ளி, நூல் சுற்றி, நூற்றுக்கணக்கில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தால், முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக மலருமே, அந்த வேலை. "கை மறந்திருக்காதுக்கா. நாலு மீட்டர் வெள்ளைத் துணியும் நூல்கண்டும் எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

மகளிடமும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். அதற்குத்தான் அக்கா ரொம்பத் தயங்கினார். சொன்னதும் மகள் போனிலேயே அழுதாராம். "ஏம்மா அப்பவே சொல்லல? நான் உன்னைச் சரியா கவனிக்கலையோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாராம். ரெண்டு பேருமே ஒருவரை ஒருவர் நினைத்துத் தனித்தனியாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

பொங்கல் அன்று வாட்ஸ்அப்பில் அழைத்தார். தெற்கு ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டாயிற்று. மதியம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து நூலகம் வரை போகிறார். டொரண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் வைத்திருக்கிறார்கள். கனடாவில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016-ல் நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டதால், இந்த மாதம் எங்கே பார்த்தாலும் பொங்கல் விழா. அங்கே பழக்கமான இரண்டு அம்மாக்கள் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து முடிச்சுப் போடக் கற்றுக்கொள்கிறார்களாம்.

"அழுகை வந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் தம்பி. மார்கழியில ரெண்டு மூணு நாள் வந்துச்சு. ஆனா இந்தத் தடவை பாத்ரூமுக்குப் போகல. மக பக்கத்துல உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ரெண்டு பேரும் எந்திரிச்சு வெளிய போயிட்டு வந்தோம்."

பிறந்த பேரனுக்குத் தைத்த சட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். சிவப்புத் துணி. அதில் வெள்ளை வெள்ளையாகச் சுங்குடிப் புள்ளி.

உங்கள் வீட்டிலும் ஐப்பசியில் உட்கார்ந்து இன்னும் எழுந்திருக்காத பெரியவர் யாராவது இருக்கிறாரா? 'வெளிய போகாதீங்க, சளி பிடிக்கும்' என்று சொல்வதை விட்டுவிட்டு, நாளைக் காலை வெயில் வந்ததும் "வாங்க, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார். இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.